ஞாயிற்றுக்கிழமைக் கறை

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது அதை எடுப்பார்கள். மகளுக்கு மருந்து ஒரு வேளை தவறக் கூடாது என்று, கார்த்திகை தீபத்தன்று கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக நடந்துபோய் பாட்டில் வாங்கி வந்த அப்பா என்று. மகளே கல்லூரியில் படித்த நாட்களில் தோழிகளிடம் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "எங்கப்பா மாதிரி கிடையாதுடி. ஆறு மாசம். ஒரு நாள் கூட விடல." பேச்சு அந்த இடத்துக்கு வரும்போது என் மனைவி எழுந்து, காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விடுவாள்.

அந்தக் கதை பொய் இல்லை. ஆனால் அதற்கு ஒரு முன்பாதி இருக்கிறது. அது நான்கு பேருக்குத்தான் தெரியும். அதில் இரண்டு பேர் இப்போது உயிருடன் இல்லை. மூன்றாவது ஆள் காபி போடப் போய்விடுகிறாள். மிச்சம் இருப்பவன் நான். எனக்கும் வயதாகிவிட்டது. எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாவட்டம் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலூரிலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலகம். பத்து மணிக்குப் போனால் போதும். மனைவி கீழ்பென்னாத்தூரில் நடுநிலைப் பள்ளிக் கணக்கு டீச்சர். காலையில் ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும். அதனால் காலை நேரத்தில் குழந்தை என் பொறுப்பு. ஒன்பதே காலுக்கு அவளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு நான் சைக்கிளை எடுப்பேன். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போயிருந்தார்கள். எங்கள் பெண்ணைத் தன் பேத்தி என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுடும். சாப்பாடு இறங்கவில்லை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. குழந்தை டாக்டர் அவள் முன்கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் வீக்கத்தை அளந்து பார்த்து, பிரைமரி காம்ப்ளக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காசநோய், என்றார். எக்ஸ்ரேயில் நுரையீரல் ஓரத்தில் ஒரு நிழலைக் காட்டினார்.

"பயப்படற விஷயம் இல்ல. ஆனா ஆறு மாசம் மருந்து. காலையில வெறும் வயித்துல. ஒரு நாளும் விடக்கூடாது. விட்டு விட்டுக் குடுத்தீங்கன்னா அது குடுக்காம இருக்கறத விட மோசம். நோய் மருந்துக்குப் பழகிடும். அப்புறம் இந்த மருந்து அவளுக்கு வேலை செய்யாது" என்றார். எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: "ஒண்ணுக்கு செவப்பா போகும். அது மருந்தோட கலர். பதறாதீங்க."

நாங்கள் பதறவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொல்ல மறந்திருந்தோம். இரண்டாம் நாள் காலை, நான் சைக்கிளைத் தெருவில் இறக்குவதற்குள் அவர் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "சார்! ஓடியாங்க சார்! பாப்பா ரத்தமா போவுது!" மருந்தின் நிறம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் நம்பவில்லை. "மருந்துன்னா வியாதி போவணும். ரத்தம் எதுக்குப் போவணும்?" என்று எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மருந்து செங்கல்லைக் கரைத்த மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பழ வாசனை வரும். வாயில் வைத்தால் கசப்பு. என் மகள் முதல் நாள் வாசனையை நம்பி வாயைத் திறந்தாள். அதற்கப்புறம் திறக்கவில்லை.

தேன், சர்க்கரை, நசுக்கிய வாழைப்பழம் எல்லாம் செய்து பார்த்தேன். வாழைப்பழம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஒரு யோசனை தோன்றியது. சனிக்கிழமைகளில் அவளைப் பெருமாள் கோயிலுக்குத் தூக்கிப் போவோம். தீர்த்தம் வாங்கிக் குடித்து, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு, சடாரிக்காகத் தலையைக் குனிவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. பூஜை அலமாரியிலிருந்து உத்தரணியை எடுத்து, "சாமி தீர்த்தம்" என்று சொல்லி, அவள் உள்ளங்கையில் மருந்தை ஊற்றினேன். குடித்துவிட்டாள். ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சடாரியாக வைத்தேன். முகம் சுளித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே தோன்றியது. மூன்று நாள் ஓடியது. அந்த வாரச் சனிக்கிழமை பெருமாள் சந்நிதியில் பட்டர் தீர்த்தத்தை நீட்டியதும், உதட்டை இறுக மூடிக்கொண்டு அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"என்ன சார், குழந்தைக்குப் பெருமாள் மேலயே கோபமா? போன வாரம் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிண்டாளே" என்றார் பட்டர்.

மனைவி என்னைப் பார்த்தாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "சாமியையும் கூட்டு சேத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு பலாத்காரம். அந்தச் சொல்லைத் தவிர்க்க நான் முயலப்போவதில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவளை இரண்டு தொடைகளுக்கு நடுவே படுக்க வைத்து, ஒரு காலை அவள் கால்கள் மேல் போட்டு, இடது கையால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, மூக்கை அழுத்தி, வாய் திறந்ததும் பாலாடையால் ஊற்றுவது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் ஊற்றினார்கள். எனக்கும் அப்படித்தான் ஊற்றியிருப்பார்கள். ஊற்றி முடித்ததும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய ஜவுளிக்கடைக் காலண்டரில், அன்றைய கட்டத்தில் என் சுருக்கொப்பத்தைப் போடுவேன். அலுவலகத்தில் கோப்புகளில் போடும் அதே இரண்டெழுத்துக் கிறுக்கல். சாயங்காலம் மனைவி வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. மருந்து பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் அலற மூச்சை இழுத்தாள். மருந்து மூச்சுக்குழாயில் போய்விட்டது. சத்தம் நின்றது. உதடு கருத்தது. கண் மேலே போனது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அவளைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். எத்தனை தட்டு என்று தெரியாது. ஒரு இருமல் வந்தது, பிறகு வாந்தி, பிறகு அழுகை. அழுதுகொண்டே திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ள அங்கே வேறு யாரும் இல்லை.

அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. சட்டையில் பட்ட கறையை நானே கசக்கிப் போட்டேன். காலண்டரில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் மூடியில் மருந்தை அளந்து எடுத்துக்கொண்டு நின்றேன். அவள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் போய் நின்றுகொண்டாள். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. நான் பின்கட்டுக் குழாயடிக்குப் போனேன். மருந்தைக் கொட்டினேன். சிமெண்டுத் தரையில் நிறம் போகும்வரை தண்ணீர் விட்டேன். உள்ளே வந்து கட்டத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பயம் ஒரு வாரம் இருந்திருக்கும். அதற்கப்புறம் நடந்தது வசதி. காலைகள் நன்றாக இருந்தன. அவள் இடுக்கிலிருந்து வெளியே வந்தாள். என் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து எடுத்தாள். நான் பேப்பர் படிக்கும்போது தாளுக்கு அடியில் புகுந்து மூக்கைக் காட்டினாள். ஒரு மாதமாக என்னைப் பார்த்தாலே ஒளிந்துகொண்ட குழந்தைக்கு என்னைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அது வேண்டியிருந்தது எனக்கு. தினமும் ஒரு மூடி மருந்தைக் குழாயடியில் கொட்டி அதை வாங்கினேன்.

அலுவலகத்தில் என் பிரிவு என்ன வேலை பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகாத கிராமத்துக்குப் போனதாக நாட்குறிப்பில் எழுதும் களப்பணியாளர்களைக் கண்டுபிடித்து, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புவது. அதில் நான் பெயர் வாங்கியவன். அந்த மாதங்களிலும் அனுப்பினேன். கை கூசவில்லை.

சனிக்கிழமையும் மனைவிக்குப் பள்ளி உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தப்ப முடியாது. மனைவி வீட்டில் இருப்பாள். அவள் குழந்தையின் கால்களைப் பிடிக்க, நான் ஊற்றுவேன். ஆறு நாள் விடுதலைக்குப் பிறகு ஏழாம் நாள் பிடித்து அமுக்கினால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? வீடே அதிரும்.

"என்னங்க இது, என் கையில மட்டும் இப்படி ஆர்ப்பாட்டம் பண்றா? உங்ககிட்ட சமத்தா குடிச்சுடறான்னு சொல்றீங்க."

"உன்னப் பாத்தா செல்லம் ஜாஸ்தி" என்றேன்.

அவள் அதை நம்பி, குழந்தையிடம் சற்றுக் கண்டிப்பாக இருக்கத் தொடங்கினாள். இதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் வாசலில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "சார், பாப்பாவுக்கு ரத்தம் நின்னுடுச்சி, பாத்தீங்களா? தண்ணி மாதிரி தெளிவா போவுது. மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கினேன். கண் தொறந்துட்டா." ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமைக் காலையும் வரும் நிறத்தை அவர் பார்க்க வாய்ப்பில்லை. நான், "நல்லதுங்கம்மா" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் சந்துக்கே கூழ் ஊற்றினார். நானும் ஒரு சொம்பு வாங்கி, வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தேன்.

மனைவி கண்டுபிடித்தது ஆவணியில். ஒரு புதன்கிழமை சாயங்காலம். துவைக்கிற கல்லின் முன் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இந்தத் தண்ணியப் பாருங்க."

வாளியில் குழந்தையின் ஜட்டியும் சட்டையும் ஊறிக்கொண்டிருந்தன. சோப்பு நுரை.

"என்ன?"

"வெள்ளையா இருக்குல்ல?"

"சோப்பு தண்ணி வேற எப்படி இருக்கும்?"

"ஞாயித்துக்கிழமை மஞ்சளா இருக்கு. அன்னிக்குப் போட்ட ஜட்டியில கறை எவ்ளோ கசக்கினாலும் போவல. மத்த நாள் கறையே இல்ல. ரெண்டு வாரமா பாக்கறேன்."

"வெயிலுக்கு நெறைய தண்ணி குடிக்கறா. கலர் கம்மியாத்தான் இருக்கும்."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் வெயில் அடிக்கலையா?"

அவள் கையை உதறித் துடைத்துக்கொண்டு எழுந்து, காலண்டர் முன் போய் நின்றாள். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். சமத்தான, வரிசையான, ஒரே அளவான கையெழுத்துகள். எந்தக் கையெழுத்தும் இன்னொன்றிலிருந்து வித்தியாசமாக இல்லை.

"இதுல எது நெஜம்?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்."

"எப்பலேர்ந்து?"

அன்று அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. குழந்தைக்கு மூச்சடைத்த காலை எது என்று தேடினேன். அந்தக் கட்டத்திலும் என் கையெழுத்துதான் இருந்தது. அதற்கு முன்னாலும் அதுதான், பின்னாலும் அதுதான். நடந்ததை எல்லாம் அப்போதுதான் மனைவியிடம் சொன்னேன். உதடு கருத்ததைச் சொன்னபோது அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் இரக்கப்படவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் லீவு போட்டிருப்பேன். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை. அது வரலையே உங்க வாயில." பிறகு, "நானும் ரெண்டு வாரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு" என்றாள். அவள் அன்று அழுதது அந்த இரண்டு வாரத்துக்காகத்தான்.

மறுநாள் காலண்டர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் அவற்றை மேஜையில் விரித்துப் பார்த்தார்.

"எல்லா நாளும் கையெழுத்து இருக்கே?"

"எல்லாம் நானே போட்டது சார். ஞாயித்துக்கிழமை தவிர குடுக்கல."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை மாசம் இருக்கும். ரெண்டாவும் இருக்கலாம். சரியா தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "காலியா விட்டிருந்தீங்கன்னா கூட எண்ணிப் பாத்து ஏதாவது செஞ்சிருக்கலாம். இத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? முதல்லேர்ந்து ஆரம்பிங்க. நாளைக்கு ஒண்ணாம் நாள்."

"ஆறு மாசமா சார்?"

"ஆறு மாசம். புதுசா."

மனைவி மடியில் உட்கார்ந்து ஸ்டெதஸ்கோப்பின் குழாயை இழுத்துக்கொண்டிருந்தாள் குழந்தை. டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். "உங்களத் திட்டி என்ன பிரயோஜனம்? குடிக்கப் போறது இவ" என்றார். பிறகு ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கொடுத்தார். "மூக்கப் பிடிக்காதீங்க. படுக்கப் போடாதீங்க. நிமித்தி உக்கார வெச்சு, கன்னத்து ஓரமா, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. முழுங்கினப்புறம் அடுத்தது. நேரம் ஆகும். ஆகட்டும்."

வழியில் மனைவி தான் லீவு போடுவதாகச் சொன்னாள். நான் மறுத்தேன். "கெடுத்தது நான். நானே குடுத்து முடிக்கறேன்." அவள் ரிக்‌ஷாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி, "நான் எப்படி நம்பறது?" என்றாள். நியாயமான கேள்வி. வீட்டுக்குப் போனதும் பழைய தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அலுவலகத்தில் மேலதிகாரியிடம், மகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும், தேவைப்படும் நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அவர் சிரித்தார். "மருந்து குடுக்க ஒரு மணி நேரமா ஓய்? யானைக்கா?" ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றாம் நாள். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அந்த உயரத்தில் என் கண்ணும் அவள் கண்ணும் நேராக இருந்தன. "இது மருந்து. தீர்த்தம் இல்ல. கசக்கும். குடிச்சுத்தான் ஆகணும்" என்றேன்.

"வாணாம்."

"வாணாம்தான். ஆனா குடிக்கணும்."

"கசப்பு."

"ஆமா, கசப்பு."

நான் ஆமாம் சொன்னது அவளுக்கு வினோதமாக இருந்திருக்க வேண்டும். இறங்கி ஓடினாள். தூக்கி வந்தேன். இறங்கினாள். தூக்கி வந்தேன். கத்தவில்லை, கெஞ்சவில்லை, கதை சொல்லவில்லை. ஒரு துளி அளவு கன்னத்தோரம் விட்டேன். விழுங்கினாள். அழுதாள். அழுகை நிற்கும்வரை காத்திருந்து அடுத்ததை விட்டேன். முழுவதும் இறங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அன்று முழுக்க அவள் என் பக்கம் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்படி இல்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மூடியின் அடியில் ஒட்டியிருந்த மருந்தில் விரலை விட்டு அவள் தரையில் கோடு இழுத்தாள். நான் காலண்டரில் எழுதப் பேனாவை எடுத்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தூக்கிப் போய் அன்றைய கட்டத்தைக் காட்டினேன். "இங்க வை." ஆட்காட்டி விரலை அழுத்தினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ரேகை விழுந்தது. பொரிகடலை அளவு. அவள் விரலையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு" என்றாள்.

"நாளைக்கு. குடிச்சப்புறம்."

அன்று சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றாமலேயே அதன் முன் நின்றாள். "இது யாரு வெச்சது?"

"அவதான்."

கட்டத்தின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அந்த ரேகைக்கு வெளியே அவள் விரல் நாலா பக்கமும் வழிந்தது. என் விரல் இன்னும் பெரியது. உள்ளே போனாள். பிறகு துவைக்கிற கல்லில் தண்ணீரையும் பார்த்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் முதலில் ரேகை, பிறகு தண்ணீர். கடைசி வரை இரண்டையும் பார்த்தாள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ரேகை வைத்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். துப்பிய நாட்கள் உண்டு. என்னைக் கடித்த நாட்கள் உண்டு. அறுபதாம் நாள் வாக்கில்தான் ஒரு மணி நேரம் இருபது நிமிடமாகக் குறைந்தது. ஆனால் மூடி காலியாகாமல் ரேகை இல்லை என்பதில் நான் ஒரு நாளும் இறங்கி வரவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே, "சார், திரும்பவும் ரத்தம் வந்துடுச்சே" என்று கண்கலங்கி நின்றார்.

"ரத்தம் இல்லங்கம்மா. மருந்துதான். நடுவுல நான் மருந்து குடுக்கல. அதான் தெளிவா இருந்துச்சு."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "குடுக்கலையா? இன்னா சார் சொல்றீங்க? நான் கூழ் ஊத்தினேனே."

"ஆமாங்கம்மா."

"நீங்களும் குடிச்சீங்களே சார்."

"குடிச்சேன்."

அவர் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வாரம் அவளைப் பற்றி மட்டும் பேசினார், என்னிடம் வேறு எதையும் பேசவில்லை.

தீபத்தன்று நடந்தது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. காலையில் நான் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுச் சிரிஞ்சைக் கழுவப் போன நேரத்தில், அவள் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது கால் பட்டுப் பாட்டில் உருண்டு உடைந்தது. வீட்டில் வேறு பாட்டில் இல்லை. அந்த மருந்து வைத்திருந்த கடை பெரிய கோயிலுக்குப் பக்கத்தில். எங்கள் சந்து முனையில் செங்கம் சாலை முழுக்க மனிதத் தலைகள். சைக்கிள் கூட நுழையாது.

"விடுங்க. ஒரு நாள்தானே? நாளைக்குக் கூட்டம் கொறைஞ்சப்புறம் வாங்கிக்கலாம். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள் மனைவி.

"ஒரு நாள்தானேன்னு நீ சொல்லலாம். நான் சொல்லக்கூடாது."

"இவ பட்டினியா இருக்கா."

"சாப்பிடக் குடு. ரெண்டு மணி நேரம் கழிச்சு வயிறு காலியானதும் குடுக்கலாம். அதுக்குள்ள வந்துடறேன்."

கூட்டம் கோயிலிலிருந்து மேற்கே வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வலப்பக்கம் மலை. எனக்கு மட்டும் இடப்பக்கம். மலையை இடமாக வைத்து நடப்பவனை அன்று யார் பொறுத்துக்கொள்வார்கள்? "யோவ், சாமிய சுத்தறதே தெரியாதா? எதிர்ல வர்ற!" "அண்ணே, திரும்பி நடங்க, பாவம் சேரும்!" ஒரு பெண் என் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டாள். சிலரிடம், "குழந்தைக்கு மருந்து" என்றேன். பிறகு அதையும் சொல்வதை விட்டேன். சொல்லும்போது நான் நல்ல அப்பா மாதிரி தோன்றியது. சாக்கடை ஓரக் கல்லில் ஏறியும் இறங்கியும் நடந்தேன். ஒரு செருப்பு போனது. போக ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது கூட்டமே என்னைத் தள்ளிக்கொண்டு வந்து சந்து முனையில் விட்டது. பாட்டிலைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். அன்றைய கட்டத்தில் ரேகை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது.

உறவுக்காரர்கள் சிலர் தீபம் பார்க்க அன்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒற்றைச் செருப்போடு நான் உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். கதை அப்படித்தான் பிறந்தது. நான் அதைத் திருத்தவில்லை. முதல் தடவை திருத்தாமல் விட்டதால் அடுத்த தடவையும் முடியவில்லை. இதுவும் கட்டத்தில் போட்ட கையெழுத்து மாதிரியான ஒன்றுதான்.

மாசி மாதம் டாக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு. மீதி இருக்கற நாளையும் முடிச்சிட்டு நிறுத்திடுங்க" என்றார். கடைசி நாள் ரேகை விழுந்ததும் மனைவி காலண்டரைக் கழற்றி, போன வருடத் தாள்களோடு சேர்த்துச் சுருட்டிப் பீரோவின் மேல் வைத்தாள். இப்போதும் அது இருக்கிறது. ஆரஞ்சு நிறம் வெளிறித் துரு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கு மறுநாள் காலை. மனைவி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் பேப்பரை விரித்தேன். குழந்தை ஸ்டூலைத் தானே இழுத்து வந்து, ஏறி உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.

"இல்ல கண்ணு. மருந்து முடிஞ்சிடுச்சு."

வாயை மூடவில்லை.

"இனிமே கெடையாது. உனக்கு ஒடம்பு சரியாயிடுச்சு."

"ரேகை?"

"அதுவும் முடிஞ்சிடுச்சு."

அவள் என்னையும், காலண்டர் இருந்த சுவரையும் பார்த்தாள். "பொய்" என்றாள். கீழுதடு நடுங்கத் தொடங்கியது. "அப்பா பொய் சொல்ற."

சமையலறையில் சர்க்கரை இருந்தது. சிரிஞ்சு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரை அதில் இழுத்து, ஒரு துளி குங்குமத்தைக் குழைத்து விரலில் தொட்டுவிட்டால் அவள் சிரித்துவிடுவாள். எனக்கு அலுவலகத்துக்கும் நேரமாகாது. நான் எழுந்து சமையலறை வாசல் வரை போனேன்.

பிறகு திரும்பி வந்து, ஸ்டூலுக்கு எதிரே, அந்த ஆறு மாதம் உட்கார்ந்த இடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அவள் அழுதாள். "நெஜமாவே முடிஞ்சிடுச்சு" என்றேன். இல்லை என்றாள். மறுபடியும் சொன்னேன். அவள் என்னை நம்பி ஸ்டூலைவிட்டு இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அலுவலகத்துக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமானது.